கட்டட உரிமையாளர் வெளிநாட்டில். கடை உள்ளூரில் – வாடகை வருமான வரியில் இருவரும் அறிய வேண்டியவை



முன்பெல்லாம் நம் பஜார் தெருக்களில் கடையின் சொந்தக்காரர் மாடியிலேயே குடியிருப்பார். மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் வாடகையை எண்ணிக் கொடுத்து, நோட்டில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டால் அந்த மாதக் கடமை முடிந்தது. இன்று அந்தப் பெரியவர் இல்லை. கட்டடம் பிள்ளைகள் பேருக்கு வந்துவிட்டது. மகன் துபாயில் இருக்கிறார்; மகள் அமெரிக்காவில் இருக்கிறார். “அண்ணாச்சி, வாடகையை இந்தக் கணக்கில் போட்டுவிடுங்கள்” என்று அலைபேசியில் ஒரு செய்தி வருகிறது. நாமும் போட்டுவிடுகிறோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நம் உறுப்பினர்களில் பலர் பிள்ளைகளைப் படிக்க வைத்து வெளிநாடு அனுப்பியிருக்கிறோம். பிள்ளை அனுப்பிய பணத்தில் அவர் பேரிலேயே கடையோ வீடோ வாங்கி, வாடகையை நாமே வசூல் செய்து வருகிறோம்.

ஆக, வாடகை கொடுப்பவராகவும் வாடகை வாங்குபவரின் தகப்பனாராகவும் நாம் இந்த விஷயத்தின் இரண்டு பக்கத்திலும் நிற்கிறோம். ஆனால் இதிலுள்ள வருமான வரிச் சட்டத்தை அறிந்தவர்கள் நம்மில் குறைவு. கடைக்காரர் வரி பிடிக்கத் தவறினால் அவர் கைப்பணம் போகும். உரிமையாளர் ரிட்டர்ன் தாக்கல் செய்யத் தவறினால், திரும்பி வர வேண்டிய அவரது பணம் அரசிடமே நின்றுவிடும். இரண்டும் சில ஆயிரங்களில் முடிகிற தொகை அல்ல என்பதால் இந்த இதழில் இதனைப் பாடமாகவே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் ஒரு குறிப்பு. நாம் இங்கே தரும் கணக்குகள் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. அந்த ஆண்டு வருமானத்துக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும். 1.4.2026 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியுள்ளன. வெளிநாட்டில் இருப்பவருக்குத் தரும் வாடகையில் வரி பிடிக்க வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை. நாம் கூறும் பிரிவு எண்களும் படிவ எண்களும் பழைய சட்டப்படியானவை என்பதை மனதில் கொள்க.

யார் வெளிநாட்டில் வசிப்பவர்?

பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்தானே, ஆதார் அட்டை இருக்கிறதே, ரேஷன் கார்டில் பேர் இருக்கிறதே என்று நாம் நினைக்கிறோம். வருமான வரிச் சட்டம் குடியுரிமையைப் பார்ப்பதில்லை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை ஒருவர் இந்தியாவில் எத்தனை நாள் தங்கினார் என்பதையே பார்க்கிறது. 182 நாட்களோ அதற்கு மேலோ தங்கியவர் உள்நாட்டில் வசிப்பவர். வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு விடுமுறைக்கு வந்து போகும் இந்தியர் 182 நாட்களுக்குக் குறைவாகத் தங்கினால், பொதுவாக அவர் வெளிநாட்டில் வசிப்பவரே.

வேலைக்காகப் புறப்பட்டுப் போன ஆண்டிலும் இதே கணக்குத்தான். ஒருவர் 2025 ஆகஸ்ட் 10 அன்று துபாய்க்கு வேலைக்குப் போனார், அந்த நிதியாண்டில் திரும்பி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் முதல் அவர் இங்கே இருந்தது 132 நாட்கள். எனவே அந்த ஆண்டு முழுமைக்கும் அவர் வெளிநாட்டில் வசிப்பவர். அக்டோபர் 20 அன்று போயிருந்தால் 203 நாட்கள் ஆகிறது. அந்த ஆண்டுக்கு அவர் உள்நாட்டில் வசிப்பவர்.

இந்திய வருமானம் ரூ.15 லட்சத்தைத் தாண்டுபவர்களுக்கு 182 நாட்களுக்குப் பதில் 120 நாட்கள் என்ற வேறு விதி 2020-21 முதல் உண்டு. அத்தகையோர் ஆடிட்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே கடைக்காரர் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒவ்வொரு நிதியாண்டின் தொடக்கத்திலும் உரிமையாளரிடம், “இந்த ஆண்டு நான் உள்நாட்டில் வசிப்பவர்” அல்லது “வெளிநாட்டில் வசிப்பவர்” என்று எழுத்து மூலம் வாங்கி வைப்பது. வாய்ச்சொல் பின்னால் உதவாது.

கடைக்காரரின் கடமை

உள்நாட்டில் வசிக்கும் உரிமையாளருக்குக் கொடுக்கும் வாடகையில் சிறு வியாபாரிகளுக்குப் பெரிய தொல்லை இல்லை. 1.4.2025 முதல் மாதம் ரூ.50,000-க்கு மேற்பட்ட வாடகைக்குத்தான் வரிப் பிடித்தம் வருகிறது. முந்தைய ஆண்டில் விற்றுமுதல் ரூ.1 கோடியைத் தாண்டிய வியாபாரி கடை வாடகையில் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். தாண்டாதவருக்கு 2 சதவீதம்.

வெளிநாட்டில் வசிக்கும் உரிமையாளர் என்றால் எல்லாமே மாறிவிடுகிறது. 195-ஆம் பிரிவில் குறைந்தபட்ச வரம்பு எதுவும் கிடையாது. வாடகை ரூ.5,000 ஆனாலும் பிடிக்க வேண்டும். கடைக்காரரின் விற்றுமுதல் எவ்வளவு என்ற கேள்வியும் இல்லை. பிடிக்க வேண்டிய விகிதம் 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத மேல்வரி. ஆக மொத்தம் 31.2 சதவீதம்.

மாதம் ரூ.25,000 வாடகை என்றால் பிடிக்க வேண்டியது ரூ.7,800. உரிமையாளருக்கு அனுப்ப வேண்டியது ரூ.17,200. பிடித்த பணத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்ட வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம் உண்டு.

இதற்குக் கடைக்காரருக்கு டேன் எண் தேவை. இது பான் எண்ணிலிருந்து வேறானது. வரி பிடிப்போருக்கென்றே தரப்படுவது. காலாண்டுக்கு ஒரு முறை 27கியூ என்ற கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அதன் கடைசித் தேதிகள் ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31. அதன் பின் 15 நாட்களுக்குள் உரிமையாளருக்கு 16ஏ சான்றிதழ் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கு தாக்கலானால்தான் பிடித்த வரி உரிமையாளரின் பான் எண்ணில் வரவாகும். கணக்குத் தாமதமானால் நாள் ஒன்றுக்கு ரூ.200 கட்டணம், பிடித்த வரித் தொகை அளவுக்கு ஏறிக்கொண்டே போகும்.

நம்மில் சிலர் உரிமையாளர் உள்ளூர்க்காரர் என்று எண்ணி 10 சதவீதம் பிடித்துக் கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் பிடித்துக்கொண்டு கட்டாமல் சரக்குக்குப் புரட்டிவிடுகிறார்கள். முன்னது குறைப்பிடித்தம், மீதிக்குக் கடைக்காரரே பொறுப்பு. பின்னது அதைவிடப் பெரிய தவறு. பிடித்த பணம் நம் பணமே அல்ல. பிடிக்காததற்கு மாதம் 1 சதவீதம் வட்டி என்றால், பிடித்துக் கட்டாததற்கு மாதம் 1½ சதவீதம் வட்டி.

பிடிக்காவிட்டால் என்ன ஆகும்?

மேற்படி ரூ.25,000 வாடகையை ஓர் ஆண்டு முழுவதும் வரி பிடிக்காமல் கொடுத்த கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வாடகை ரூ.3,00,000.

ஒன்று: பிடித்திருக்க வேண்டிய ரூ.93,600-ஐக் கடைக்காரரிடமே கேட்பார்கள். அதற்கு வட்டியும் சேரும். அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

இரண்டு: கணக்கு எழுதி லாபம் காட்டும் வியாபாரியாக இருந்தால், அந்த ரூ.3,00,000 வாடகை முழுவதையும் செலவாக ஏற்க மறுப்பார்கள். உள்நாட்டு உரிமையாளர் விஷயத்தில் 30 சதவீதம்தான் மறுக்கப்படும். வெளிநாட்டு உரிமையாளர் விஷயத்தில் முழுத் தொகையும் மறுக்கப்படும். 20 சதவீத வரி அடுக்கில் உள்ள வியாபாரிக்கு இதனால் கூடும் வரி ரூ.60,000, மேல்வரியுடன் ரூ.62,400.

விற்றுமுதலில் சட்டம் குறிப்பிடும் சதவீதத்தை லாபமாகக் காட்டும் 44ஏடி முறையில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது தொல்லை வராது. ஆனால் முதலாவதிலிருந்து அவர்களுக்கும் விலக்கு இல்லை. மளிகைக் கடைக்காரர் வாடகையைக் கொடுத்துவிட்டு அதற்கு மேல் ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டுவது என்றால், அது எத்தனை மூட்டை அரிசியின் லாபம் என்று நாமே கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

“என் கைக்கு முழுசாக வர வேண்டும்”

இந்த விதியைச் சொன்னதும் சில உரிமையாளர்கள், “வரியெல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்குக் கையில் ரூ.25,000 வர வேண்டும்” என்பார்கள். இடத்தை விட மனமில்லாமல் நாமும் தலையாட்டிவிடுகிறோம். அப்படி ஒப்புக்கொண்டால் சட்டம் வேறு மாதிரி கணக்குப் போடுகிறது. வரி போக ரூ.25,000 மிஞ்ச வேண்டுமானால் வாடகை ரூ.36,337 என்று வைத்து, அதில் ரூ.11,337 வரி கட்ட வேண்டும். அதாவது உண்மையில் வாடகை மாதம் ரூ.11,337 உயர்ந்துவிடுகிறது.

ஆகவே வாடகை ஒப்பந்தத்திலேயே “சட்டப்படி உரிய வரியைப் பிடித்தம் செய்து மீதியைச் செலுத்துவேன்” என்ற வாசகம் இருக்க வேண்டும். உரிமையாளரின் பான் எண்ணையும், வெளிநாட்டு முகவரியையும், வங்கிக் கணக்கு எண்ணையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிட வேண்டும்.

திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் தொகைக்குப் பிடித்தம் கிடையாது. அதே அட்வான்ஸை வாடகையில் கழித்துக்கொண்டால் அது வாடகை ஆகிவிடும், பிடித்தமும் வந்துவிடும். வாடகையை வங்கி மூலமே கொடுங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு ரூ.10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவைச் சட்டம் ஏற்பதில்லை.

உரிமையாளரிடம் இதனை எப்படி எடுத்துச் சொல்வது? “உங்கள் பணத்தை நான் குறைக்கவில்லை. உங்கள் பேரில் அரசுக்குக் கட்டியிருக்கிறேன். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அதில் பெரும்பகுதி உங்களுக்கே திரும்பி வரும்” என்று சொல்லுங்கள். இது சமாதான வார்த்தை அல்ல, உண்மை. அதனை இனிப் பார்ப்போம்.

உரிமையாளரின் கடமை: ரிட்டர்ன்

பிடித்த வரி வேறு, கட்ட வேண்டிய வரி வேறு. பிடிப்பது மொத்த வாடகையின் மேல். வரி போடுவது கழிவுகள் போக மிஞ்சும் வருமானத்தின் மேல். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு தானாகத் திருப்பித் தராது. ரிட்டர்ன் மூலம் கேட்டால்தான் தரும்.

வாடகை வருமானத்தைக் கணக்கிடும் முறை எளிது. ஆண்டு வாடகையில், உரிமையாளர் அந்த ஆண்டில் உண்மையில் கட்டிய சொத்து வரியை முதலில் கழிக்க வேண்டும். நம் நகராட்சிகளில் அரையாண்டுக்கு ஒரு முறை கட்டும் அந்த வரியின் ரசீது இங்கேதான் பயன்படுகிறது. மீதியில் 30 சதவீதத்தைச் சட்டமே கழிவாகத் தருகிறது; வெள்ளையடித்ததற்கும் கூரை பழுது பார்த்ததற்கும் பில் காட்ட வேண்டியதில்லை. கட்டடம் வாங்கவோ கட்டவோ கடன் வாங்கியிருந்தால் அதன் வட்டியையும் கழிக்கலாம். புதிய வரி முறையில், வட்டியால் வரும் நஷ்டத்தை வேறு தலைப்பு வருமானத்தில் ஈடுகட்ட முடியாது.

முதல் கணக்கு: ஆண்டு வாடகை ரூ.3,00,000. கட்டிய சொத்து வரி ரூ.6,000. மீதி ரூ.2,94,000. அதில் 30 சதவீதக் கழிவு ரூ.88,200. வருமானம் ரூ.2,05,800. உரிமையாளருக்கு இந்தியாவில் வேறு வருமானம் இல்லை. 2025-26-இல் புதிய முறைப்படி ரூ.4,00,000 வரை வரி இல்லை. ஆகவே கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லை. கடைக்காரர் பிடித்துக் கட்டிய ரூ.93,600 முழுவதும் திரும்பக் கிடைக்கும்.

இரண்டாம் கணக்கு: கடையும் குடோனும் சேர்ந்து மாதம் ரூ.80,000, ஆண்டுக்கு ரூ.9,60,000. சொத்து வரி ரூ.30,000 போக ரூ.9,30,000. 30 சதவீதக் கழிவு ரூ.2,79,000. வருமானம் ரூ.6,51,000. ரூ.4 லட்சத்துக்கு மேற்பட்ட ரூ.2,51,000-க்கு 5 சதவீதம் ரூ.12,550, மேல்வரியுடன் ரூ.13,052. பிடித்த வரியோ ரூ.2,99,520. திரும்ப வர வேண்டியது ஏறத்தாழ ரூ.2,86,470.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே ரூ.6,51,000 வருமானம் உள்நாட்டில் வசிப்பவருக்கு இருந்தால், 87ஏ பிரிவுத் தள்ளுபடியால் வரியே இராது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. பழைய வரி முறையில் 60 வயது கடந்தவர்களுக்குள்ள கூடுதல் வரம்பும் உள்நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டுமே.

“வருமானம் வரம்புக்குள்தானே இருக்கிறது, எதற்கு ரிட்டர்ன்?” என்று கேட்பவர்களும் உண்டு. ஓர் ஆண்டில் ரூ.25,000-மோ அதற்கு மேலோ வரி பிடிக்கப்பட்டிருந்தால், வருமானம் வரம்புக்குள் இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்வது கட்டாயம். நம் முதல் கணக்கிலுள்ள உரிமையாளர் வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும்.

படிவம், தேதி, கையெழுத்து

சம்பளக்காரர்கள் போடும் ஐ.டி.ஆர்.-1 படிவம் வெளிநாட்டில் வசிப்பவருக்குப் பொருந்தாது. வாடகை வருமானம் மட்டும் உள்ளவர் ஐ.டி.ஆர்.-2 படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும். சட்டப்படி கடைசித் தேதி ஜூலை 31. தவறினால் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்துடன் தாக்கல் செய்யலாம். வருமானம் ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் ரூ.1,000, அதற்கு மேல் ரூ.5,000 கட்டணம். தாமதமானால் வேறொரு நஷ்டமும் உண்டு. திரும்ப வரும் தொகைக்கு அரசு மாதம் அரை சதவீதம் வட்டி தருகிறது. உரிய காலத்தில் தாக்கல் செய்தவருக்கு ஏப்ரல் முதல் அந்த வட்டி கணக்காகும். தாமதமாகத் தாக்கல் செய்தவருக்குத் தாக்கல் செய்த நாளிலிருந்துதான்.

தாக்கல் செய்வதற்கு முன் 26ஏ.எஸ். பட்டியலை எடுத்து, கடைக்காரர் பிடித்த வரி முழுவதும் வரவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு காலாண்டு விடுபட்டிருந்தாலும் உடனே கடைக்காரரிடம் சொல்லித் திருத்தச் செய்ய வேண்டும்.

தாக்கல் செய்தபின் 30 நாட்களுக்குள் அதனை உறுதி செய்ய வேண்டும். ஆதாருடன் இணைந்த அலைபேசி எண் வழியாகவோ வங்கி இணையக் கணக்கு வழியாகவோ செய்யலாம். வெளிநாடு போனவரின் பழைய அலைபேசி எண் பயனில் இல்லாமல் இந்த இடத்தில்தான் பலருடைய ரிட்டர்ன் தேங்கிவிடுகிறது. அப்படியானால் ஒப்புகைத் தாளை அச்செடுத்துக் கையெழுத்திட்டு, பெங்களூருவிலுள்ள மத்தியச் செயலாக்க மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதால், அவர் எழுதிக்கொடுத்த பவர் பத்திரத்தை வைத்துள்ள ஒருவர் அவருக்காகக் கையெழுத்திடவும் சட்டம் இடம் தருகிறது. ஊரிலிருக்கும் தகப்பனாருக்கு இது பெரிய வசதி. ஆனால் அந்தப் பத்திரத்தில் வருமான வரிக் காரியங்களுக்கும் அதிகாரம் தரப்பட்டிருக்க வேண்டும்.

வாடகை எந்தக் கணக்கில் விழ வேண்டும்? வெளிநாட்டில் வசிப்பவர் தம் பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். வாடகையும், திரும்ப வரும் வரியும் அதில் வரலாம். வாடகையைத் தகப்பனார் தம் கணக்கில் வாங்கிக்கொண்டால் அது தகப்பனாரின் வருமானம் ஆகிவிடாது. பத்திரத்தில் யார் பேர் உள்ளதோ அவருடைய வருமானமே அது. பிடித்தமும் அவர் நிலையைப் பொறுத்ததே.

கூட்டுச் சொத்து

ஒரு கட்டடம் அண்ணன் தம்பி இருவருக்கும் சரிபாதி. அண்ணன் மதுரையில், தம்பி சிங்கப்பூரில் என்று வைத்துக்கொள்வோம். பங்கு திட்டமாகத் தெரியும்போது ஒவ்வொருவரும் தம் பங்குக்குத் தனித்தனியே கணக்குக் காட்ட வேண்டும். ரூ.40,000 வாடகையில் தம்பியின் பங்கான ரூ.20,000-க்கு மட்டும் 31.2 சதவீதம், அதாவது ரூ.6,240 பிடிக்க வேண்டும். அண்ணன் பங்குக்கு உள்நாட்டு விதியே பொருந்தும். பங்கு விவரத்தைப் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலுடன் வாங்கி வைத்துக்கொண்டு, இருவர் கணக்கிலும் தனித்தனியே பணம் செலுத்துவது நல்லது. முழு வாடகையையும் அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, “அவர் பார்த்துக்கொள்வார்” என்று இருந்துவிட வேண்டாம்.

முன்கூட்டியே பிடித்தத்தைக் குறைக்க வழி

ஆண்டு முழுவதும் பணம் அரசிடம் முடங்கிக் கிடக்க வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. 197-ஆம் பிரிவின்படி உரிமையாளர் 13-ஆம் எண் படிவத்தில் இணையத்தின் மூலம் விண்ணப்பிக்கலாம். வாடகை ஒப்பந்தம், சொத்து வரி ரசீது, வருமான மதிப்பீடு, முந்தைய ரிட்டர்ன்கள் ஆகியவற்றைப் பார்த்து, குறைந்த விகிதத்தில் பிடித்தால் போதும் என்றோ, பிடிக்கவே வேண்டாம் என்றோ அதிகாரி சான்றிதழ் தருவார். அதில் கடைக்காரரின் டேன் எண்ணும் இருக்கும். சான்றிதழ் அந்த ஆண்டுக்கு மட்டுமே செல்லும். ஆகவே ஆண்டுத் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். முந்தைய ஆண்டுகளின் ரிட்டர்ன் ஒழுங்காக இருப்பவருக்கு இது எளிதாகக் கிடைக்கும்.

சான்றிதழ் கையில் வராமல், “அவர் வருமானம் வரம்புக்குள்தானே வரும்” என்று கடைக்காரரே பிடித்தத்தை நிறுத்திவிடக் கூடாது. வங்கி வட்டிக்குக் கொடுப்பது போல 15ஜி படிவம் எழுதி வாங்கிக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். அந்தப் படிவம் உள்நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான்.

இருக்கும் நாட்டிலும் கணக்கு உண்டு

இங்கே ரிட்டர்ன் போட்டதோடு உரிமையாளரின் வேலை முடிந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஐக்கிய அரபு நாடுகளில் தனிநபருக்கு வருமான வரி இல்லை. சிங்கப்பூரில் தனிநபர் வெளிநாட்டிலிருந்து பெறும் வருமானத்துக்குப் பொதுவாக வரி இல்லை. அமெரிக்காவில் வசிப்பவர் உலகெங்கும் உள்ள தம் வருமானத்தைக் காட்ட வேண்டும். நம் ஊர்க் கடை வாடகையும் அதில் சேரும். நம் சட்டம் தரும் 30 சதவீதக் கழிவு அங்கே செல்லாது. உண்மையான செலவும் தேய்மானமும்தான் கழியும். அவர்கள் ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை என்பதால் வாடகையை மாதவாரியாகப் பிரித்து எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை வரி கட்டாதிருக்க, இந்தியா பல நாடுகளுடன் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் செய்துள்ளது. இந்தியாவில் கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ளலாம். ஆனால் கழிக்கக் கூடியது இறுதியாக உரிய வரி மட்டுமே. பிடித்த தொகை முழுவதும் அல்ல. நம் இரண்டாம் கணக்கிலுள்ள உரிமையாளர் அங்கே காட்ட வேண்டியது ரூ.13,052, ரூ.2,99,520 அல்ல. இந்தியாவில் ரிட்டர்ன் போடாமல், “அதுதான் 31 சதவீதம் பிடித்துவிட்டார்களே” என்று முழுத் தொகையையும் அங்கே கழித்தால் அங்கேயும் சிக்கல் வரும்.

இதுவரை பிடிக்காதவர்கள் என்ன செய்வது?

இதைப் படிக்கும் நம் உறுப்பினர்களில் சிலருக்கு இந்நேரம் நெஞ்சு படபடக்கும். அறியாமல் நடந்துவிட்டது; இனி மறைப்பதால் பயனில்லை. முதலில் டேன் எண் வாங்கி, வரும் மாத வாடகையிலிருந்து பிடித்தத்தைத் தொடங்குங்கள். அடுத்து உரிமையாளரிடம் பேசுங்கள். சென்ற ஆண்டுகளுக்கு அவர் ரிட்டர்ன் தாக்கல் செய்து, அந்த வாடகையைக் காட்டி, உரிய வரியைக் கட்டியிருந்தால், அதற்கு ஆடிட்டரின் சான்று பெற்று 26ஏ படிவத்தில் தாக்கல் செய்யலாம். அப்போது அந்த வரியைக் கடைக்காரரிடம் கேட்க மாட்டார்கள். செலவாக ஏற்க மறுக்கப்பட்ட வாடகைக்கும் நிவாரணம் உண்டு. உரிமையாளர் ரிட்டர்ன் தாக்கல் செய்த நாள் வரைக்கும் மாதம் 1 சதவீத வட்டியை மட்டும் கடைக்காரர் கட்ட வேண்டும்.

ஆகவே உரிமையாளர் போடும் ரிட்டர்ன் அவருக்குப் பணத்தைத் திருப்பித் தருகிறது. கடைக்காரருக்குக் கவசமாகவும் நிற்கிறது. அதேபோல் கடைக்காரர் ஒழுங்காகப் போடும் 27கியூ கணக்குதான் உரிமையாளரின் பணம் திரும்பி வர வழி செய்கிறது. ஒருவர் தவறினால் இருவருக்கும் நஷ்டம்.

உறுப்பினர்கள் நினைவிற்கு

1. ஏப்ரலில்: உரிமையாளர் எங்கே வசிக்கிறார் என்று எழுத்து மூலம் பெறுக. குறைந்த விகிதச் சான்றிதழ் உண்டா எனக் கேட்டு நகல் பெறுக.
2. மாதந்தோறும்: வாடகையில் பிடித்து, அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டி, சலானைக் கோப்பில் வைக்க.
3. காலாண்டுதோறும்: 27கியூ தாக்கல் செய்து, 16ஏ சான்றிதழை உரிமையாளருக்கு அனுப்புக.
4. பிள்ளைகள் பேரில் கட்டடம் வைத்துள்ளோர்: சொத்து வரி ரசீது, வாடகை ஒப்பந்தம், 16ஏ சான்றிதழ் ஆகியவற்றைச் சேர்த்து, ஜூலை மாதத்துக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்விக்க.

அடுத்த முறை வெளிநாட்டிலிருந்து பிள்ளை பேசும்போது, “சாப்பிட்டாயா, குளிர் எப்படி” என்று விசாரித்த கையோடு, “கடை வாடகைக்கு ரிட்டர்ன் போட்டாயா?” என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். மாதா மாதம் வாடகை அனுப்பும்போது பேரேட்டைத் திறந்து, பிடித்த வரிக்கென்று தனிப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றைக்கே ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.